நாலு வயசுப் பையனுக்கு முழுப்படம் காட்டலாமா?

கேள்வி: டாக்டர், பையனுக்கு நாலு வயசு. போன வாரம் எல்லாரும் நைட் ஷோவுக்குப் போனோம். பத்து நிமிஷத்துலயே காதைப் பொத்திட்டு அழ ஆரம்பிச்சான், இன்டர்வெல்லோட வந்துட்டோம். அன்னைலேர்ந்து ராத்திரி எந்திரிச்சு அழறான், பாத்ரூமுக்குத் தனியா போக மாட்டேங்கறான். மாமியார் நாலு தடவை கூட்டிட்டுப் போனா பழகிடும்ங்கறாங்க. எந்த வயசுல ஆரம்பிக்கலாம்?

பதில்: காதைப் பொத்துனானே, அது சரியான வேலைம்மா. தியேட்டர்ல சண்டை சீன் வந்தா சத்தம் 90 டெசிபலை சாதாரணமா தாண்டிடும். போன், ஹெட்செட் கேக்கறதுக்கே குழந்தைங்களுக்கு 75 டெசிபல் போதும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மாமியார் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு, அவங்க காலத்துல டூரிங் டாக்கீஸ்ல மணல்ல படுத்துக்கிட்டு, பாதிப் படத்துல தூங்கிப் போயி, அப்பா தோள்ல வீட்டுக்கு வந்திருப்பாங்க. நாலு பக்கமும் திறந்த கொட்டகை அது. இப்போ இருக்கற மூடின ஹாலும் சுத்தி வர்ற ஸ்பீக்கரும் வேற, அதனால சத்தத்துக்குப் பழக்க வேண்டாம்.

அடுத்தது பயம். நாலு வயசுல நிஜம் எது, கதை எதுன்னு முழுசா பிரியாது. நாம ரத்தம் வந்தா கண்ணைப் பொத்துவோம், ஆனா அவங்க பயப்படறது பெரும்பாலும் வேற இடத்துல. என்கிட்ட ஒரு பாப்பா வந்தா, ரூமுக்குள்ள வந்ததுலேர்ந்து அம்மாவோட துப்பட்டா நுனியை விரல்ல சுத்தி வச்சுக்கிட்டே இருந்தா. பேசிப் பாத்தா, படத்துல ரயில்வே ஸ்டேஷன் கூட்டத்துல ஒரு குழந்தை அம்மாவைத் தொலைச்சிடுது, பாட்டு ஓடற சீன், அதனால வீட்ல யாரும் அதைக் கண்டுக்கவே இல்ல. உங்க பையனையும் பகல்ல மடில வச்சுக்கிட்டு எந்த இடம் புடிக்கலைன்னு கேளுங்க, வரையச் சொன்னாலும் சரி. "ஆம்பளப் பையன் பயப்படலாமா"ன்னு மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். பாத்ரூம் போற வழில லைட் எரியட்டும், கொஞ்ச நாள் கூடவே போங்க. ரெண்டு மூணு வாரத்துல தணிஞ்சிடும், தணியலைன்னாலோ, நின்னு போன படுக்கைல ஒன்னுக்குப் போறது திரும்ப வந்தாலோ நேர்ல காட்டுங்க.

இப்போ வயசு. ரெண்டு வயசுக்குள்ள படமே வேண்டாம். ரெண்டுலேர்ந்து அஞ்சு வரைக்கும் மொத்த ஸ்கிரீனும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல போகக் கூடாதுன்னு இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் சொல்லுது, நம்ம படம் ஒன்னு ரெண்டரை மணி நேரம், கணக்கு நீங்களே பாத்துக்கோங்க. என்னைக்கோ ஒரு நாள் பாத்துட்டா கண்ணு கெட்டுடும்னெல்லாம் இல்ல, பதற வேண்டாம். ஆனா வீட்லயே ஆரம்பிங்க, பகல்ல, லைட் போட்டு, நீங்க முதல்ல ஒரு தடவை பாத்த படமா எடுத்து, கதையை முன்னாடியே சொல்லிட்டு, அரை மணி நேரம், மிச்சம் நாளைக்கு. படத்தைப் பாக்காதீங்க, அவன் முகத்தைப் பாருங்க. உடம்பு விறைச்சு உங்க கையை இறுக்கிப் புடிச்சான்னா நிறுத்திடுங்க.

இப்படி ஒரு படத்தை விட்டு விட்டு ரசிச்சு முடிச்சான்னா அஞ்சு, ஆறு வயசுல தியேட்டர். காலைக் காட்சி, ஸ்பீக்கர் பக்கம் இல்லாத ஓரச் சீட்டு, காதுக்கு குழந்தைங்க போடற இயர் மஃப், பஞ்சு போதாது. நைட் ஷோ வேண்டவே வேண்டாம், இந்த வயசுக்கு 10 மணி நேரத்துக்குக் குறையாம தூங்கணும். யு சர்டிபிகேட்னா குழந்தைங்களுக்காக எடுத்த படம்னு அர்த்தம் இல்ல, யாரும் பாக்கலாம்னு அர்த்தம், அவ்வளவுதான். 2024 கடைசிலேர்ந்து யுஏ 7+, 13+, 16+னு பிரிச்சுப் போடறாங்க, டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி அதைப் பாருங்க.

இன்னொன்னு, கூட நாலு வயசு முடியாத குழந்தை வந்தா பாப்கார்ன் கொடுக்காதீங்க. இருட்டுல மூச்சுக்குழாய்ல சிக்கினா கவனிக்கறதுக்குள்ள நேரம் போயிடும், அந்த மாதிரி வந்த குழந்தைங்களை நான் பாத்திருக்கேன்.

இப்போதைக்கு அவன் நல்லா தூங்கற வரைக்கும் தியேட்டரே வேண்டாம்மா. அடுத்த தடவை போறப்போ "புடிக்கலைன்னா என் கையை ரெண்டு தடவை அமுக்கு, உடனே வெளியே போயிடலாம்"னு சொல்லி வைங்க, அமுக்குனா டிக்கெட் காசைப் பாக்காம எந்திரிச்சுடுங்க.