பிரபலம் ஒருவர் தற்கொலை செய்துகொண்டால் எல்லாரும் மனச்சோர்வைப் பற்றிப் பதிவு போடுகிறார்கள். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணத்தில் அதனால் யாருக்காவது பயன் உண்டா?

உண்டு, சொல்வதைச் சரியாகச் சொன்னால். ஒரு நடிகர் போனபின் இரண்டு மூன்று வாரம்தான் ஊர் இந்தப் பேச்சுக்குக் காது கொடுக்கும். அதற்குள் ஒன்றைச் சொல்லி முடிக்க வேண்டும்: எந்தக் கதவைத் தட்டுவது, உள்ளே போய் என்ன சொல்வது. "மனம் விட்டுப் பேசுங்கள்" என்று பூப்படம் அனுப்புவதால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் அதைப் பார்த்தவன் அடுத்த நாள் காலையில் எங்கே போவான்?

கெடுதல் செய்யும் பதிவுகளும் இருக்கின்றன. ஹாலிவுட் நடிகர் ரோபின் வில்லியம்ஸ் 2014 ஆகஸ்டு 11இல் தற்கொலை செய்துகொண்டார். அந்த ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை அமெரிக்காவில் தற்கொலைகள் எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய 10 விழுக்காடு, அதாவது 1,841, கூடுதலாக நடந்ததாக 2018இல் வெளிவந்த கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கணக்கு சொல்கிறது. மாறாக, 1994இல் ராக் பாடகர் கர்ட் கோபேன் அப்படி இறந்தபோது சியாட்டல் வட்டாரத்தில் பயந்த மாதிரி எண்ணிக்கை ஏறவில்லை. உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகள்தான் ஏறின. செய்தியை அடக்கமாகச் சொன்னதும், உதவி எண்ணைக் கூடவே கொடுத்ததும் காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் கருதினார்கள்.

ஆகவே வாட்சப் குழுவில் எப்படி இறந்தார், எந்த அறையில், கடிதத்தில் என்ன எழுதினார் என்பதெல்லாம் வேண்டாம். "இனி அவருக்கு நிம்மதி" என்ற வரி அதைவிட மோசம். அதே யோசனையில் இருப்பவனுக்கு அது ஒரு சிபாரிசு மாதிரி போய்ச் சேரும். "கடன்தான் காரணம்", "பொண்டாட்டிதான் காரணம்" என்று ஒட்டுக்கடையில் (தேநீர், சாப்பாட்டுக் கடையில்) தீர்ப்பு எழுதுவதும் தவறு. ரோபின் வில்லியம்ஸ் விஷயத்தில் முதலில் எல்லாரும் மனச்சோர்வு என்றுதான் பேசினார்கள். பிரேதப் பரிசோதனையில் அவருடைய மூளையில் லூயி பாடி என்ற மறதி நோய் பரவியிருந்தது தெரியவந்தது. வயதானவருக்குப் புதிதாகச் சோர்வு வந்து, கூடவே கை நடுக்கம், இல்லாத ஆள் இருப்பதுபோல் தெரிவது, ஒரு நாள் தெளிவு மறுநாள் குழப்பம் என்று இருந்தால் அதை டாக்டரிடம் தனியாகச் சொல்ல வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். தோட்டத்தில் யாரும் "எனக்கு மனச்சோர்வு" என்று வந்து நிற்பதில்லை. தலை பாரம், நெஞ்சு அடைக்குது, விடியக்காலை மூன்று மணிக்கே முழிப்பு வந்துடுது, சோறு இறங்கல, எதுக்கெடுத்தாலும் எரிச்சல் என்றுதான் சொல்வார்கள். ஆண்கள் அதையும் சொல்லாமல் சம்சு என்ற மலிவுச் சாராயத்தில் இறங்கிவிடுவார்கள். டிரெசரிடம் (தோட்ட மருத்துவ உதவியாளரிடம்) பனடோல் வாங்கிக்கொண்டு மறுபடி வேலைக்குப் போவார்கள். கேட்க வேண்டிய கேள்வி இரண்டே இரண்டு. கடந்த இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாள் மனசு கனமாக இருக்கிறதா? முன்பு பிடித்த எதிலும் இப்போது நாட்டம் இல்லையா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் கிளினிக் போகலாம்.

கிளினிக் என்றால் அரசாங்கச் சுகாதார நிலையம், மலாயில் "கிளினிக் கெசிஹாத்தான்". ஐ.சி.யும் (அடையாள அட்டையும்) 1 ரிங்கிட்டும் போதும். நிறைய பேர் கெடுத்துக்கொள்ளும் இடம் டாக்டர் அறை. ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு, உள்ளே போனதும் "தலைவலி" என்று மட்டும் சொன்னால் தலைவலி மாத்திரைதான் கிடைக்கும். மலாயில் ஒரே வாக்கியம் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "சாயா ராசா மூரோங், தா போலே தீடோர், சுடா டுவா மிங்கு." மனசு சோர்ந்திருக்கிறது, தூக்கமில்லை, இரண்டு வாரம் ஆகிவிட்டது என்று அர்த்தம். ஒன்பது கேள்வியுள்ள தாள் ஒன்று கொடுப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டர் கூடுதலாகக் கவனிப்பார். ஒன்பதாவது கேள்வி சாகும் எண்ணத்தைப் பற்றியது. பக்கத்தில் மாமியாரோ மண்டோரோ (வேலை மேற்பார்வையாளரோ) இருந்தால் யாரும் அதில் உண்மை எழுதமாட்டார்கள், ஆகவே தாளை நிரப்பும்போது ஆளைத் தனியாக விடுங்கள். தைராய்டு, ரத்தச்சோகை, இனிப்புநீர் இதற்கெல்லாம் ரத்தம் எடுக்கச் சொன்னால் மறுக்கக் கூடாது. தைராய்டு குறைந்தாலே இதே மாதிரி சோர்வு வரும்.

"கிளினிக் போனா தஞ்சோங் ரம்புத்தானுக்கு ஏத்திடுவாங்க" என்ற பயம் சுங்கை சிப்புட்டில் கொஞ்சம் அதிகம், பக்கத்திலேயே இருப்பதால். 1911இல் திறந்த மனநல மருத்துவமனை அங்கே இருக்கிறது, அந்தப் பெயரை வைத்துக் கேலி செய்தே நாலு தலைமுறை வளர்ந்திருக்கிறது. மனச்சோர்வுக்காரர்களில் பெரும்பாலோர் அந்த வாசலை மிதிக்கவே தேவையில்லை. கிளினிக்கிலேயே பார்த்துவிடுவார்கள்.

மாத்திரையில் நடக்கும் தவறுகள் இரண்டு. முதல் வாரம் குமட்டல், தலைவலி வரலாம், பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். பத்தாவது நாளே "ஒன்னும் ஆகல" என்று டப்பாவைத் தூக்கி எறிவது முதல் தவறு. சாப்பிட்டபின் போட்டால் குமட்டல் குறையும். இரண்டாவது, மூன்று மாதத்தில் சரியாகிவிட்டது என்று தானாக நிறுத்துவது. குணமானபின்னும் ஆறு முதல் ஒன்பது மாதம் தொடர வேண்டும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் வரலாம், நோயும் திரும்பலாம். 25 வயதுக்குக் கீழ் என்றால் ஆரம்ப வாரங்களில் வீட்டார் கண் வைத்திருக்க வேண்டும். சாமி பார்ப்பதையும் கயிறு கட்டுவதையும் தடுத்துச் சண்டை போடாதீர்கள், அதில் வரும் தெம்பு வரட்டும். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் சாமியாரிடம் மட்டும் போகாதீர்கள்.

ஒருவர் மேல் சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "செத்துப் போகலாம்னு தோணுதாண்ணே?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பெரும்பாலும் ஒரு பெருமூச்சுதான் வரும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், அல்லது 999. அவ்வளவு அவசரம் இல்லாமல் பேச மட்டும் ஆள் வேண்டுமென்றால் பிஃப்ரெண்டர்ஸ் என்ற தொண்டு அமைப்பு, 03-7627 2929, இருபத்து நான்கு மணி நேரமும். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. எடுத்தவரிடம் தமிழ் பேசுகிறவர் இருக்கிறாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தோட்ட வீடுகளுக்கு மட்டும் பொருந்தும் விஷயம் பூச்சிமருந்துக் கேன். சொந்தமாகக் கொஞ்சம் செம்பனை வைத்திருப்பவர்கள் வீட்டுக்குப் பின்னால் களைக்கொல்லி வைத்திருப்பார்கள். 2020இல் தடை செய்த மருந்தின் பழைய மிச்சம்கூட சில கொட்டகைகளில் கிடக்கலாம். தற்கொலை முடிவு பல சமயம் சில நிமிடத்து வேகம், அந்த நேரத்தில் கைக்கு எட்டாவிட்டால் வேகம் தணிந்துவிடும். இலங்கையில் 1995க்குப் பின் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடுத்தார்கள், இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் சுமார் 70 விழுக்காடு இறங்கியது. அதனால் மருந்தைப் பூட்டிவைத்து, சாவியை வேறு வீட்டில் கொடுங்கள். மினரல் வாட்டர் பாட்டிலில் ஊற்றிவைக்கும் பழக்கத்தையும் விடுங்கள்.

யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள். மருந்துப் பாட்டிலோடு நேராக ஆஸ்பத்திரி. "தண்ணீன்னு நெனச்சுக் குடிச்சிட்டான்" என்று மறைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. முன்பு தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவுப்படி ஓராண்டு வரை சிறை என்பதால் வந்த பயம் அது. அந்தப் பிரிவை நீக்கிய சட்டம் 2023 செப்டம்பர் 11இல் நடப்புக்கு வந்துவிட்டது. எது, எவ்வளவு, எப்போது என்று டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லலாம்.

கோயில் மண்டபத்தில் மூன்று மணி நேரச் சொற்பொழிவு வைத்தால் வரவேண்டியவன் வரமாட்டான். அவன் முடிவெட்டும் கடையிலும் மோட்டார் பட்டறையிலும் இருப்பான். பிஃப்ரெண்டர்ஸ், ஹீல் ஆகிய இரண்டு எண்ணையும் மேலே சொன்ன மலாய் வாக்கியத்தையும் கால் தாளில் அச்சடித்து அங்கே ஒட்டுங்கள், ஒட்டுக்கடைக் கழிவறைக் கதவின் உள்பக்கத்திலும் ஒட்டுங்கள். யார் படிக்கிறார்கள் என்று அங்கே யாரும் பார்க்கமாட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்கள்தான் இன்னொரு தடவை முயலும் ஆபத்து அதிகமுள்ள காலம். வீட்டார் அப்போதுதான் "தப்பிச்சிட்டான்" என்று தளர்ந்துவிடுவார்கள். அடுத்த அப்பாயின்மெண்ட் தேதியை வாங்கும்போதே, அன்றைக்கு யார் மோட்டாரில் கூட்டிப் போவது, வேலைக்கு எம்.சி. (மருத்துவ விடுப்பு) கிடைக்குமா என்பதையும் கேட்டு முடித்துக்கொண்டு வெளியே வாருங்கள்.