எம்எக்ஸ்-5 காரை விற்றுவிட்டு மெக்லாரன் 720எஸ் வாங்கலாமா?

1989-இல் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5 போல, எடை குறைவாகவும் ஓட்டுவதற்கு இன்பமாகவும் அமைந்த வண்டியே ஸ்போர்ட்ஸ் கார். வேகத்தின் உச்சத்தைக் குறிவைத்து மிக அதிக விலையில் உருவாக்கப்படுவது சூப்பர் கார்.

சூப்பர் காரான மெக்லாரன் 720எஸ் மணிக்கு 100 கி.மீ. வேகத்தை 2.9 நொடிகளில் எட்டிவிடும். பிரிட்டனின் மோட்டார்வே எனப்படும் விரைவுச்சாலைகளின் வேக வரம்போ மணிக்கு ஏறத்தாழ 112 கி.மீ. என்பதால், அதன் திறனில் பெரும்பகுதியைப் பொதுச்சாலையில் பயன்படுத்தவே இயலாது. எம்எக்ஸ்-5 காரிலோ, கையால் கியர் மாற்றி எஞ்சினின் முழு ஆற்றலையும் வெளிக்கொணரும் மகிழ்ச்சி சாதாரண வளைவுச் சாலையிலேயே கிடைக்கிறது, அந்த வண்டியின் மீது பிறக்கும் பற்றுக்கு அதுவே காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். நான்கு பேருக்குச் சமைக்கும் வீட்டில் கல்யாண மண்டபத்து அடுப்பை வைப்பது போன்றது இந்த மாற்றம். பந்தயத் தடத்துக்கு அடிக்கடி செல்பவர் மட்டும் தயங்காமல் வாங்கலாம்.

சூப்பர் கார் என்றாலே விலை ஏறும் முதலீடு என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் 720எஸ் மற்ற கார்களைப் போலவே மறுவிற்பனையில் விலை இறங்கியது.