முதல் ஐந்து பேர்: ஸ்டார்ட்அப்புக்கு ஆள் எடுப்பது பற்றிக் கேள்வி பதில்

சென்னையிலும் கோவையிலும் மூன்று சிறிய மென்பொருள் கம்பெனிகளில் ஆரம்ப நாட்களிலிருந்து ஆள் எடுக்கும் பொறுப்பு என்னுடையது. மூன்றாவது கம்பெனி என்னுடையதே. வந்த கேள்விகளைச் சுருக்கிப் போட்டு, கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, நானும் நண்பனும் மோட்டார் பம்பு கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்கிறோம். இரண்டு பேருமே டெவலப்பர்கள். 11 கடைகள் பணம் கட்டுகின்றன. கையில் 18 லட்சம் இருக்கிறது. முதலில் எடுக்க வேண்டியது டெவலப்பரா, விற்பனை ஆளா? (கோவை)

இரண்டும் வேண்டாம் தம்பி. போன இரண்டு வாரம் உங்கள் நேரம் எதில் போனது என்று எழுதிப் பாருங்கள். கடைக்காரர் போன் பண்ணுவதும், நீங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போய் பிரிண்டரைச் சரிசெய்து வருவதும்தான் பாதி நாளைத் தின்றிருக்கும். அந்த வேலைக்குப் பொறுமையாகப் பேசத் தெரிந்த, கடைக்கு நேரில் போகத் தயங்காத ஒருவரை எடுங்கள். விற்பனையை இன்னும் கொஞ்ச காலம் நீங்களே செய்யுங்கள். ‘வேண்டாம்’ என்கிற கடைக்காரர் அதற்குச் சொல்லும் காரணத்தை நீங்கள் நேரில் கேட்க வேண்டும்.

அப்புறம் கணக்கு. மாதம் 1.2 லட்சம் செலவு என்றால் 18 லட்சம் 15 மாதம் தாங்கும். 25,000 ரூபாய்க்கு ஓர் ஆள் சேர்த்தால் 12 மாதம் சொச்சம். இந்தக் கணக்கைச் சேருபவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் தன் ஒரு வருடத்தை உங்களை நம்பித் தருகிறார்.

சார்/மேடம், எல்லாம் பேசி முடித்து 90 நாள் நோட்டீஸ் பீரியட் காத்திருந்தேன். சேர வேண்டிய அன்று போன் சுவிட்ச் ஆஃப். இது மூன்றாவது முறை. (சென்னை)

வலி புரிகிறது. ஆனால் அந்த 90 நாளில் நீங்கள் எத்தனை முறை பேசினீர்கள்? ஆஃபர் லெட்டரை மெயிலில் அனுப்பிவிட்டு மூன்று மாதம் சும்மா இருந்தால், அந்த லெட்டரைக் காட்டி வேறு இடத்தில் கூடுதலாகக் கேட்பார்கள். பெரிய கம்பெனி கூப்பிட்டால் வீட்டிலும் அங்கேயே போகச் சொல்வார்கள்.

என் அனுபவம் ஒன்று. விருதுநகர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், நல்ல கைக்காரன், ஒப்புக்கொண்ட பிறகு பேச்சில் இழுக்க ஆரம்பித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அவன் வீட்டுக்கே போனேன். அப்பா மளிகைக் கடை வைத்திருப்பவர். காபி கொடுத்துவிட்டு மூன்றே கேள்வி கேட்டார். “பி.எஃப். பிடிப்பீங்களாம்மா? கம்பெனிக்கு போர்டு இருக்கா? பொண்ணு பார்க்கப் போனா என்னன்னு சொல்றது?” முதல் கேள்விக்கு, சட்டப்படி இன்னும் எங்களுக்குக் கட்டாயம் இல்லை, ஆனாலும் பிடிக்கிறோம் என்றேன். இரண்டாவதற்கு, போர்டு இல்லை என்றேன். மூன்றாவதற்கு என்னிடம் பதில் இல்லை, அதையும் சொன்னேன். வங்கியில் எத்தனை மாதச் சம்பளம் இருக்கிறது என்று கணக்கைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை பார்த்தார். பையன் சேர்ந்தான், ஐந்து வருடம் இருந்தான்.

எல்லோர் வீட்டுக்கும் போக முடியாதுதான். வாரம் ஒரு முறை பேசலாம், ஒரு சனிக்கிழமை டீமோடு சாப்பிடக் கூப்பிடலாம், “வீட்டில் என்ன சொல்கிறார்கள்?” என்று நேராகவே கேட்கலாம்.

நான் பி.எஸ்சி. முடித்தவள், ஊர் தென்காசிப் பக்கம். ஸ்டார்ட்அப்களும் ‘எந்தக் காலேஜ்’ என்றுதான் முதலில் கேட்கின்றன. எங்களை எடுப்பார்களா அக்கா?

உங்கள் ஊர்ப் பக்கம் மத்தளம்பாறையிலேயே ஜோஹோவின் அலுவலகம் இருக்கிறது. பள்ளி முடித்தவர்களை உதவித்தொகை கொடுத்துப் படிக்கவைத்து வேலைக்கு எடுப்பதை அவர்கள் பல வருடமாகச் செய்கிறார்கள். அதனால் ஆள் எடுப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: காலேஜ் பெயரை ஓரமாக வைத்துவிட்டு உண்மையான வேலை ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள்.

நான் ஒரு நாள் வேலை கொடுப்பேன், அதற்குக் கூலியும் கொடுத்துவிடுவேன். ஒரு முறை, “பில்லில் ஜி.எஸ்.டி. தப்பா வருது” என்று கடைக்காரர் அனுப்பிய ஒற்றை வரிப் புகாரை நான்கு பேரிடம் கொடுத்தேன். மூன்று பேர் உடனே நிரலைத் திறந்தார்கள். நான்காவது பெண் மட்டும், “சரக்கு எங்கே போயிருக்கு?” என்று கேட்டாள். கடைக்காரர் விற்ற மோட்டார், லாரியில் கேரளாவின் பாலக்காட்டுக்குப் போயிருந்தது. வேறு மாநிலம் என்பதால் ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலம் தாண்டும் சரக்குக்கான ஜி.எஸ்.டி.) வந்திருந்தது, பில் சரிதான். பத்து நிமிடத்தில் கடைக்காரருக்குப் போன் போட்டு விளக்கியும் விட்டாள். அவள் படித்த கல்லூரியின் பெயர் அதற்கு முன்பு எனக்குத் தெரியாது.

முதல் ஊழியருக்கு ஒரு சதவீதம் பங்கு தருவதாக வாயால் சொல்லியிருக்கிறேன். போதுமா?

போதாது. இந்த வாரமே காகிதத்தில் கொண்டுவாருங்கள். 2021இல் சென்னையில் தொடங்கிய மென்பொருள் கம்பெனி ஃப்ரெஷ்வொர்க்ஸ், நாஸ்டாக் என்ற அமெரிக்கப் பங்குச் சந்தையில் பட்டியலானபோது ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்ற செய்தி வந்ததிலிருந்து எல்லோரும் ஈசாப் (ஊழியருக்குக் கம்பெனிப் பங்கு தரும் திட்டம்) கேட்கிறார்கள். அந்தக் கம்பெனி தொடங்கியது 2010இல். இடையில் பதினொரு வருடம் இருக்கிறது, அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உங்களுடையது பிரைவேட் லிமிடெட்டாக இருக்க வேண்டும். எல்.எல்.பி. என்கிற கூட்டாண்மை வகைக் கம்பெனியில் இப்படிக் கொடுக்கப் பங்கு என்பதே கிடையாது. பங்குதாரர்கள் தீர்மானம் போட்டுத் திட்டத்தை நிறைவேற்ற வேண்டும். கொடுத்த நாளிலிருந்து குறைந்தது ஒரு வருடம் கழித்துத்தான் உரிமை வரும் என்பது சட்டம். வழக்கம் நான்கு வருடம், ஆண்டுக்கு நான்கில் ஒரு பகுதி.

வரி விஷயத்தை யாரும் சொல்வதில்லை. ஊழியர் 10 ரூபாய் விலையில் 1,000 பங்கு எடுக்கிறார், அன்றைய மதிப்பு 500 ரூபாய் என்று வையுங்கள். வித்தியாசமான 4.9 லட்சம் அவருக்குச் சம்பள வருமானம். 30 சதவீத வரம்பில் இருந்தால், பங்கை விற்று ஒரு ரூபாய் பார்க்கும் முன்பே, செஸ்ஸும் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்கு மேல் வரி. சில தகுதிபெற்ற ஸ்டார்ட்அப்களுக்கு மட்டும் அதைத் தள்ளிக் கட்டும் சலுகை உண்டு. ஆடிட்டரை உட்கார வைத்து ஊழியருக்கு இதை விளக்குங்கள். அவர் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்.

எத்தனை பேர் சேர்ந்தால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டாயம்?

இ.எஸ்.ஐ.க்கு (ஊழியர் மருத்துவக் காப்பீடு) 10 பேர், பி.எஃப்.க்கு (வருங்கால வைப்பு நிதி) 20 பேர். பி.எஃப்.பில் நீங்களாகவே முன்னதாகவும் சேரலாம்.

பயிற்சி கொடுத்ததும் ஓடிவிடுகிறார்கள். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்ளலாமா மேடம்? (மதுரை)

தயவுசெய்து வேண்டாம். என் முதல் வேலையில் என்னுடையதை வாங்கிப் பூட்டி வைத்தார்கள். அப்பாவின் ஆபரேஷனுக்காக ஊருக்குப் போய் வேறு வேலை தேடியபோது பதினொரு மாதம் அலைந்துதான் திரும்ப வாங்கினேன். அந்தப் பதினொரு மாதக் கோபம் இன்னும் எனக்குப் போகவில்லை.

விலகியபின் போட்டிக் கம்பெனிக்குப் போகக்கூடாது என்று எழுதி வாங்குவதும் வீண். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி அது செல்லாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை சம்பளத்தைப் பற்றி நீங்களே பேச்சை எடுங்கள். போகிறவர்களில் பாதிப் பேர், கேட்கக் கூச்சப்பட்டுத்தான் போகிறார்கள்.

முதல் ஊழியன் என் பள்ளி நண்பன். வேலை சரியில்லை. எப்படி அனுப்புவது?

முதலில், எது சரியில்லை என்று அவனிடம் ஒரு முறையாவது தெளிவாகச் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் சொல்லிவிட்டு இரண்டு மாதம் கொடுங்கள். சொல்லியும் நடக்கவில்லை என்றால் நேரில், காலை வேளையில், வேறு யாரும் இல்லாமல் பேசுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம். நோட்டீஸ் காலச் சம்பளம், மீதி விடுப்புக் கணக்கு, ரிலீவிங் லெட்டர் எல்லாவற்றையும் தயாராக வைத்து அன்றைக்கே கையில் கொடுங்கள். அந்த லெட்டர் இல்லாமல் அடுத்த கம்பெனியில் சேர அவன் சிரமப்படுவான்.