கரையோரம் சேறு, வெளிக்கடலில் பருமணல்: இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

ஆறு கொண்டுவரும் கனத்த மணல் கரையிலேயே விழும், சேறுதான் தூரம் போகும் என்றுதான் பள்ளியில் படித்தோம். ஆனால் எங்கள் நீரோடியிலிருந்து (அடுத்த ஊர் கேரளத்துப் பொழியூர்) வடக்கே தொழிலுக்குப் போகிறவர்கள் நீங்கள் கேட்டதையே சொல்வார்கள். ஆலப்புழைப் பக்கம் கரையோரம் சேறு. வெளியே போகப் போக நங்கூரத்தில் பருமணலும் உடைந்த சிப்பியும் ஏறும்.

அந்த மணலை இன்றைய கடல் அங்கே கொண்டுபோய்ப் போடவில்லை. அது பழைய கரை. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில், பெருமளவு நீர் வடக்கே பனிப்பாளமாக உறைந்து கிடந்ததால் கடல்மட்டம் இன்றைக்கு 120 மீட்டர் கீழே இருந்தது. இன்று விசைப்படகு ஓடும் இடத்தில் அன்று ஆறு ஓடி மணலைக் கொட்டியது. முறத்தில் புடைப்பதுபோல அலை சேற்றைப் பிரித்து எடுத்துப்போக, பருமணல் தங்கியது. பிறகு பனி உருகி, கடல் ஒவ்வொரு கரையாக மூழ்கடித்துக்கொண்டே ஏறி, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தை நெருங்கியது. இப்போது ஆறுகள் கொண்டுவரும் வண்டல் காயல்களிலும் கரையோரத்திலும் தங்கிவிடுகிறது. வெளியே கிடக்கும் பழைய மணலை மூடும் அளவுக்குப் போய்ச் சேர்வதில்லை. அதற்குச் சாட்சி மணலிலேயே உண்டு: இரும்புக்கறை ஏறிப் பழுத்த மணல்மணிகள், ஆழமில்லாத நீரில் மட்டுமே வாழும் சிப்பிகளின் தேய்ந்த ஓடுகள்.

ஆழம் கூடக்கூட மணல் நுணுகும் என்ற பாடம் பொருந்தவில்லை என்று கடல் புவியியலாளர் ஷெப்பர்டு 1932லேயே எழுதினார். உலகக் கண்டத்திட்டுகளில் (கரையை ஒட்டி நீளும் ஆழம் குறைந்த கடலடிப் பரப்புகளில்) சுமார் 70 விழுக்காடு இப்படிப்பட்ட பழைய படிவுதான் என்று 1968இல் எமரி என்ற இன்னொரு கடல் புவியியலாளர் கணக்கிட்டார்.

கல்லும் மணலும் வெளிக்கடலுக்குப் போக வேறு வழிகளும் உண்டு. மிதக்கும் பனிமலை உருகிக் கல்லைக் கீழே போடும். அது நம் கடலில் இல்லை. கடலடிச் சரிவில் மணல் சேற்றோடு பாய்ந்து பேராழத்துக்கே போகும். 1929இல் நியூபவுண்ட்லாந்து அருகே நிலநடுக்கத்துக்குப் பின் தந்திக் கம்பிகளை வரிசையாக அறுத்தது அப்படியொரு பாய்ச்சல்தான்.

இதை நான் இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் கொல்லம். கேரளக் கடலில் 74.5 கோடி டன் கட்டுமான மணல் இருப்பதாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை மதிப்பிட்டிருக்கிறது. 2024 நவம்பரில் கொல்லத்துக்கு அப்பால் மணல் அள்ளுவதற்கான 3 கடல் தொகுதிகளை ஒன்றிய அரசு ஏலத்துக்கு விட்டது. ஆற்றில் அள்ளிய மணல் அடுத்த வெள்ளத்தில் கொஞ்சமாவது வந்து சேரும். கொல்லத்து மணலுக்கு இன்று வரவே கிடையாது. கொல்லம் பரப்பு என்னும் மீன் பெருகும் கடற்பகுதியும் அங்கேதான் இருக்கிறது. எங்கள் ஊர்ப் படகுகளும் அங்கே போகின்றன. அந்த மணலைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.