பாறைத் தோட்டத்துக்கு வேண்டியது வடிகால்

கேள்வி: எடின்பரோவில் குடியிருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் தெற்கு பார்த்த சின்னச் சரிவு ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் ஆல்பைன் எனப்படும் உயர்மலைச் செடிகளை வைத்துப் பாறைத் தோட்டம் போட ஆசை. போன வருஷம் வாங்கிய லூயிசியா என்ற ஆல்பைன் செடி குளிர்காலத்தில் அழுகிவிட்டது. இந்த ஊர்க் குளிரை இவை தாங்குமா ஐயா?
– வாசகி, எடின்பரோ

பதில்: குளிரைத் தாராளமாகத் தாங்கும் அம்மா. ஈரத்தைத்தான் தாங்காது. உயர்ந்த மலைகளில் இந்தச் செடிகள் குளிர்காலம் முழுக்கப் பனிக்கு அடியில், மழை படாமல் கிடக்கும். உங்கள் ஊரிலோ பனி கொஞ்சம், தூறல் அதிகம். இலையும் வேரும் சேரும் கழுத்தில் ஈரம் நின்றால் அழுகல்தான்.

அதனால் அழகை அப்புறம் பார்ப்போம். முதலில் களைகளை வேரோடு எடுத்துவிடுங்கள். கல்லுக்கு அடியில் புகுந்துவிட்டால் பிறகு எடுக்கவே முடியாது. அடியில் 15 செ.மீ. உயரத்துக்கு உடைந்த செங்கல், ஜல்லி. அதன்மேல் தோட்ட மண், இலை மட்கு, கிரிட் என்று விற்கும் குருணைக்கல் மூன்றும் சம அளவில். கட்டட மணல் வேண்டவே வேண்டாம், இறுகிப்போகும்.

கல் எல்லாம் ஒரே வகையாக இருக்கட்டும். பெரிய கல்லை முதலில் வையுங்கள். மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும். ஏறி நின்றால் ஆடக் கூடாது. மேல்முகம் சரிவின் உட்பக்கமாகச் சற்றே சாய்ந்திருந்தால், மழைநீர் பின்னால் இருக்கும் வேருக்குப் போகும். தண்ணீர் அரித்த சுண்ணாம்புக்கல் அழகாக இருக்கிறதென்று வாங்கிவிடாதீர்கள். இயற்கையான சுண்ணாம்புப் பாறைத் தளங்களைப் பெயர்த்து எடுப்பது அது. பிரிட்டனில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைக் காக்க வழி செய்திருக்கிறது.

லூயிசியாவை மறுபடி வாங்குங்கள், விட்டுவிடாதீர்கள். வட அமெரிக்க மேற்கு மலைகளில் அது பாறை இடுக்கில் வளர்கிற செடி. இரண்டு கல்லுக்கு நடுவே பக்கவாட்டில் படுக்க வைத்து நடுங்கள். வேரை உள்ளே தள்ளி, மண்ணை விரலால் அழுத்தி, கழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்னக் கல்லாகச் செருகுங்கள். இலைக்கொத்து வெளியே பார்த்தபடி நிற்கும். பெய்கிற மழை அதில் தங்காமல் வழிந்துவிடும்.

கூடவே செம்பர்வைவம், சாக்ஸிஃப்ரேகா போன்ற சின்னப் பாறைச் செடிகளை வைக்கலாம். படர்ந்து வளரும் ஆப்ரியீட்டா சின்ன இடத்தில் மற்றதை மூடிவிடும், நான் வைக்க மாட்டேன். எல்லாம் நட்டபின் இரண்டு மூன்று செ.மீ. குருணைக்கல் பரப்புங்கள்.

உங்கள் ஊர் ராயல் பொட்டானிக் கார்டனிலேயே அருமையான பாறைத் தோட்டம் இருக்கிறது. கல் வைத்திருக்கும் விதத்தைப் போய்ப் பாருங்கள். நடவு ஏப்ரலில் இருக்கட்டும். குளிர்கால மழை தொடங்குவதற்குள் வேர் பிடித்துவிடும்.