ஓவர்லேப் போட்டுப் பாட்டுப் போடலாமா?

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன். வயது 31. தொழிற்சாலை வேலை, பிடித்தம் போகக் கைக்கு 2,450 வெள்ளி (ரிங்கிட்). சொந்தமாகப் பாட்டு எழுதி மெட்டமைக்கிறேன். முதல் பாட்டுக்கு 10,000 கடன் எடுத்தேன். பிறகு ஓவர்லேப் செய்து (பழையதை அடைத்துப் பெரிய புதுக் கடன் எடுத்து) அதை 22,000 ஆக்கினேன் (5 விழுக்காடு வட்டி, 10 ஆண்டு, மாதம் 275). ஒன்றரை ஆண்டாகக் கட்டுகிறேன். அக்கா கணவர் ஈப்போவில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். "உன் பாட்டெல்லாம் சோகம், ஓடாது. 35,000-க்கு ஓவர்லேப் எடு, நல்ல குத்துப் பாட்டாக வீடியோவோடு போடுவோம்" என்கிறார். கோலாலம்பூர் தயாரிப்பாளர் ஒருவர் என் 10 பாட்டுகளை மொத்தமாக 6,000-க்குக் கேட்கிறார். சந்தைக்கு எழுதுவதா, மனசுக்கு எழுதுவதா?

பதில்: தம்பி, குத்தா சோகமா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். என் கண்ணில் பட்டது ஓவர்லேப் என்ற சொல்தான். கடிதத்தில் அது நான்கு இடத்தில் வருகிறது, ஏதோ சம்பள உயர்வு கிடைத்த மாதிரி.

உங்கள் அப்பா காலத்தில் தோட்டத்துக் கடையில் ஒரு கணக்குப் புத்தகம் இருந்திருக்கும். சம்பள நாளன்று பழைய பாக்கியைக் கட்டிவிட்டு, அன்று மாலையே புதுப் பக்கத்தில் அரிசியும் மீன் டின்னும் எழுதுவார்கள். நீங்கள் செய்வதும் அதுதான். அந்தக் கடைக்காரர் 10 ஆண்டுக்கு எழுதவில்லை, அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள், தோராயமாகத்தான் போடுகிறேன். 18 மாதத்தில் 4,950 கட்டியிருக்கிறீர்கள். அசலில் கழிந்தது 2,200 சொச்சம். 5 விழுக்காடு என்பது முழுத் தொகைக்கும் 10 ஆண்டும் போடும் வட்டி. குறைந்துவரும் பாக்கிக்குக் கணக்கிட்டால் அது 9-ஐ நெருங்கும், ஆரம்ப ஆண்டுகளில் கட்டுவதில் பெரும்பங்கு வட்டிக்கே போகும். ஆக இன்னும் 19,800 நிற்கிறது. இதே வட்டியில் 35,000 எடுத்தால் பழையதைக் கழித்துவிட்டு 15,200 கையில் வரும், செலவுக் கட்டணங்களைச் சேர்க்காமல். மாதத் தவணை 437. இப்போதைய கடனில் மிச்சம் கட்ட வேண்டியது 28,050, புதுக் கடனில் 52,500. அதாவது 15,200 வாங்க 24,450 கூடுதலாகக் கட்டுகிறீர்கள். முடியும்போது வயது 41. அந்த 15,200 எந்த ஸ்டூடியோவுக்குப் போகும் என்று நான் சொல்ல வேண்டுமா? மாமா கெட்டவர் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் கடைக்கு வாடிக்கையாளர் நீங்கள். அந்தப் பாட்டு அவ்வளவு நிச்சயமாக ஓடும் என்றால் அவர் பெயரில் கடன் எடுக்கட்டுமே.

தயாரிப்பாளர் கேட்பதும் இந்தத் தவணையோடு சேர்ந்ததுதான். கழுத்தில் 275 இல்லாவிட்டால் பாட்டுக்கு 600 வெள்ளி என்று பேரம் பேச உட்கார்ந்திருப்பீர்களா? நம் நாட்டுச் சட்டப்படி பாட்டின் பதிப்புரிமை நீங்கள் இருக்கும்வரையும் அதற்கப்புறம் 50 ஆண்டும் நிற்கும். எழுத்தில் கொடுக்காமல் அது கைமாறாது, எழுதிக் கொடுத்துவிட்டால் திரும்பாது. வேண்டுமானால் ஒரு பாட்டை, ஒரு படத்துக்கு மட்டும், இத்தனை ஆண்டுக்கு என்று பயன்படுத்தும் அனுமதியாகக் கொடுங்கள். பாட்டு எழுதுபவர்களுக்கும் மெட்டமைப்பவர்களுக்கும் உரிமத் தொகை வசூலித்துத் தரும் எம்.ஏ.சி.பி.-யில் உறுப்பினராகிப் பாட்டுகளைப் பதிந்துவைத்தால் மின்னல், ராகா வானொலிகளில் ஒலிக்கும்போது வரவேண்டிய காசு வரும். பெரிய தொகையாக இருக்காது.

"காசு கட்டினால் ஸ்ட்ரீம் (இணையத்தில் பாட்டு கேட்கப்படும் எண்ணிக்கை) ஏற்றித் தருகிறோம்" என்ற திட்டத்தையும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். போலிக் கேட்பு என்று கண்டுபிடித்தால் பாட்டையே தூக்கிவிடுவார்கள். 12 மாதத்தில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை 2024 முதல் காசே தருவதில்லை என்பதை வைத்துத்தான் இந்தப் பயமே விற்கப்படுகிறது. பாட்டை என்.எஃப்.டி. (இணையத்தில் விற்கும் டிஜிட்டல் உரிமைச் சீட்டு) ஆக்குவது பற்றி நான் ஒரு வரிகூட எழுத மாட்டேன்.

சரி, என்ன செய்யலாம்? போன வருடம் கல்யாண வரவேற்புப் பாட்டு, காதுகுத்துப் பாட்டு என்று 9 செய்தேன், ஒன்றுக்கு 350 என்கிறீர்கள். முழுசாக வந்திருந்தால் 3,150, ஏறக்குறைய ஒரு வருடத் தவணை. வந்தது 1,750. மற்ற நான்கும் சொந்தக்காரர்கள், "அப்புறம் தருகிறோம்". இனிமேல் பாதி முன்பணம் கைக்கு வராமல் கிட்டாரைத் தொடாதீர்கள், சித்தப்பாவாக இருந்தாலும். அந்த வேலையைக் கேவலமாக நினைக்கவும் வேண்டாம், உங்கள் கடனைக் கட்டப்போவது அதுதான். சொந்தப் பாட்டைத் தொழிற்சாலைச் சம்பளத்தில் மிஞ்சுவதை வைத்து, ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ, வீட்டிலேயே பதிவு செய்யுங்கள். அலமாரிக் கதவில் போர்வை தொங்கவிட்டுப் பதிந்து நீங்கள் அனுப்பிய மாதிரிப் பாட்டைக் கேட்டேன். குரல் நன்றாகத்தான் இருக்கிறது.

தவணையே தடுமாறினால் ஈப்போவில் கடன் ஆலோசனை தரும் ஏ.கே.பி.கே. அலுவலகம் இருக்கிறது, ஆலோசனைக்குக் காசு கிடையாது.

மாமாவிடம் முடியாது என்று சொல்வதற்கு முன் அக்காவிடம் நீங்களே இந்தக் கணக்கைக் காட்டிவிடுங்கள். மாமா வாயால் முதலில் போனால் கதை வேறாக இருக்கும்.