குழலின் பின்பக்கம் தோட்டா போடும் துப்பாக்கியால் அப்படி என்ன லாபம்?

வேகம் என்பார்கள். எனக்கென்னவோ படுத்தபடியே சுட முடிந்ததுதான் பெரிய விஷயம்.

1866 ஜூலை 3, ஆஸ்திரியாவும் பிரஷ்யாவும் (அன்றைய ஜெர்மானிய அரசு) மோதிய கோனிக்கிரேட்ஸ் போர். ஆஸ்திரியச் சிப்பாய் குழல் வாயில் வெடிமருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, நீளக் கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும்; பெரும்பாலும் நின்றுகொண்டுதான். பிரஷ்யச் சிப்பாயோ தரையில் கிடந்தபடியே பின்பக்கம் தோட்டா போடும் டிரைஸே துப்பாக்கியின் போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை மூடும் தாழ்) திறந்து, காகிதத் தோட்டாவைச் செருகி மூடினால் போதும். விசையை இழுத்ததும் நீண்ட ஊசி ஒன்று காகிதத்தையும் மருந்தையும் துளைத்துப்போய், குண்டுக்கு அடியிலுள்ள, குத்தினால் தீப்பற்றும் வெடிபொட்டைக் குத்தும். ஆஸ்திரியர் ஒரு தடவை சுடுவதற்குள் இவர் நாலைந்து தடவை சுட்டுவிடலாம்.

ஒரு தொல்லை: பின்பக்க இடுக்கில் சூடான வாயு கசிந்து முகத்தில் அடிக்கும். பித்தளைத் தோட்டா வந்த பிறகுதான் அது தீர்ந்தது. வெடிக்கும்போது பித்தளை விரிந்து இடுக்கை அடைத்துக்கொள்ளும்.